உப்புத்தாள் படகு

வளைகுடாவிலிருந்து திரும்பி வரும் கணவர்கள் வழக்கமாக முதல் வாரம் தூங்குவார்கள், அடுத்த வாரம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவார்கள். என்னுடையவர் வந்த அன்றே குளியலறைத் தரையில் தண்ணீரை ஊற்றி, ஒற்றைக் காலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, "இத்தனை வருஷமா இதுல யாருமே விழலையா?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

"விழுந்திருந்தா உங்களுக்குப் போன் பண்ணியிருப்பேனே" என்றேன்.

அவர் அங்கே ஒரு படகுப் பட்டறையில் வேலை பார்த்தவர். படகின் மேல்தளத்தில் ஆட்கள் வழுக்கி விழாமல் இருக்க, ரப்பர் கலந்த கெட்டிப் பூச்சு ஒன்றைப் பூசுவார்கள். சாதாரணப் பெயின்ட் மாதிரி வழவழவென்று இருக்காது. தடிமனாக, சொரசொரப்பாக, உப்புத் தண்ணீருக்கும் டீசலுக்கும் அசைந்து கொடுக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பூசிப் பூசியே என் வீட்டுக்காரருக்கு, யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் இருப்பவர்களை அதற்குப் பிறகுதான் விசாரிப்பார்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு மாடியில். வந்த கொஞ்ச நாளிலேயே குளியலறை, பால்கனி, மொட்டைமாடிப் படிகள் எல்லாம் கருப்பாகிவிட்டன. ஒரு நாள் காலையில் கீழ்வீட்டு மாமி வாசலில் கோலம் போடக் குனிந்திருக்கிறார். இவர் டப்பாவும் ரோலருமாகப் போய் நின்றிருக்கிறார். மாமி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏன்டிம்மா, உங்காத்துக்காரர் வாசல்ல தார் பூசறேங்கறாரே. நான் என்ன அபசாரம் பண்ணினேன்?"

"அது தார் இல்லைங்க மாமி, ரப்பர்" என்று இவர் விளக்க ஆரம்பித்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு வந்தேன்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறேனே தவிர, அப்போது நான் காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே பட்டறை மேஸ்திரி இவருடைய வேலையை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். ஆடி முடிவதற்குள் வருகிறானா இல்லையா என்று சொல்ல வேண்டும். இங்கேயே ஒரு பிழைப்பு அமைந்தால் இருப்பேன், இல்லாவிட்டால் போக வேண்டியதுதான் என்று இவர் காய்கறி விலை சொல்வது போலச் சொல்லிவிட்டார். துவாக்குடிப் பக்கம் சில கம்பெனிகளில் போய்க் கேட்டார். எல்லோரும் காபி கொடுத்து, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

எனக்கு அவர் இருக்க வேண்டும். சமையலறையில் சீரக டப்பாவைக் காலி செய்து அதில் போல்ட்டு நட்டுகளைப் போட்டு வைத்தாலும் இருக்க வேண்டும். நான் பிளவுஸ் தைக்கிறவள். பின்னால் பிரித்துவிட வசதியாக உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்பது எங்கள் வழக்கம். அவர் இல்லாத வருஷங்களையும் நான் அப்படித்தான், அவருக்கென்று இடம் விட்டுத் தைத்து வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான், இவர் வேலையைக் கேள்விப்பட்டு, முசிறிக்காரர் ஒருவர் வந்தார். வாழைத்தார் வியாபாரம் செய்பவர். காவிரியில் தண்ணீர் வரும் மாதங்களில் மேல்தளம் வைத்த ஒரு ஃபைபர் படகையும் விடுவார். குடும்பம் குடும்பமாக ஏறி, தளத்தில் வட்டமாக உட்கார்ந்து, கட்டி வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஆற்றில் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்குவார்கள். போன வருஷம் ஆடிப்பெருக்கு அன்று அந்தத் தளத்தில் ஒரு பெண்மணி காப்பரிசித் தட்டோடு வழுக்கி விழுந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் யாரோ அதைப் போனில் எடுத்து, பின்னால் பாட்டுப் போட்டு ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள்.

"இந்த ஆடிக்கு ஒருத்தரும் விழக் கூடாது சார். அது நல்லா அமைஞ்சதுன்னா, கரையோரம் இன்னும் நாலு பேர் படகு வச்சிருக்காங்க. எல்லாத்தையும் உங்ககிட்ட கூட்டிட்டு வரேன்" என்றார் முசிறிக்காரர்.

அன்று இவர் ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தடவை ரசம் வாங்கிக்கொண்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

டோல்கேட்டில் பஸ் ஏறினால் குணசீலம் வழியாக முசிறி. தினமும் காலையில் டிபன் பாக்ஸும் ரோலரும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பழைய பெயின்ட்டைச் சுரண்டி, கழுவி, காயவைத்து, ஓரங்களில் டேப் ஒட்டி, பிரைமர் அடித்து, மேலே ரப்பர் பூச்சு. அதில் பிடிமானத்துக்காக, வீட்டில் பூசியபோது போடாத நல்ல முரட்டு மணல் தூவி, இன்னொரு பூச்சு. பட்டறையில் எப்படிச் செய்வார்களோ அப்படியே. கடலில் போகும் சரக்குப் படகுக்கு என்ன கலரோ அதே கருஞ்சாம்பல் கலர். வீட்டுக்கு வந்தால், இரும்பு மூக்கு வைத்த பூட்ஸைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். "யானையைக் கொண்டாந்து நிறுத்தினாலும் வழுக்காது" என்பார். முசிறியில் படகில் ஏற எந்த யானை காத்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

வெள்ளோட்டத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். முசிறிக்காரர் குடும்பம், அவருடைய சம்பந்தி வீடு, நாங்கள். பெண்கள் பட்டுப் புடவை கட்டி வந்திருந்தார்கள். படகின் முனையில் காவேரி அம்மன் படம். மஞ்சள் கயிறு சுற்றி, செவ்வந்திப்பூ போட்டு, கற்பூரம் காட்டினார்கள். பிறகு எல்லோரும் செருப்பைக் கரையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு ஏறினார்கள்.

படகில் சாமி படம் இருக்கிறது, கீழே ஓடுவது காவேரி. செருப்போடு யார் ஏறுவார்கள்? இது முசிறியில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவருக்கும் தெரியும்தான். ஆனால் படகு என்றால் இவருக்கு அந்தப் பட்டறைப் படகு. அங்கே ஏறுகிறவன் எல்லாம் பூட்ஸ் போட்டவன். இங்கே வேலை செய்த நாட்களிலும் இவர் பூட்ஸோடுதான் நின்றிருக்கிறார். தான் பூசிய படகுத் தளத்தில் வெறுங்காலை வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கால் வைத்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.

பன்னிரண்டு மணி வெயில். கருஞ்சாம்பல் தளம். சம்பந்தியம்மா ஒரு காலைத் தூக்கினார், அடுத்த காலைத் தூக்கினார். பிறகு எல்லோருமே ஏதோ கும்மிக்கு நிற்பவர்கள் மாதிரி மாறி மாறிக் காலைத் தூக்கினார்கள். முசிறிக்காரர் வாளியில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றினார். சூடு அடங்கியது, மணல் அடங்கவில்லை. சரி, உட்கார்ந்துவிடலாம் என்று உட்கார்ந்தார்கள். பட்டுப் புடவைக் கொசுவம் தரையைத் தொட்ட இடத்தில் எல்லாம் இழை இழுத்துக்கொண்டது. அந்தச் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. தையல்காரிக்குக் கேட்கும். எனக்குப் பல் கூசியது.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததில் கொஞ்சம் புளியோதரை சிந்தியது. சோறு, நிலக்கடலை எல்லாம் எப்படியோ எடுத்துவிட்டார்கள். கடுகை மட்டும் கடைசி வரை எடுக்க முடியவில்லை. சாப்பிட்டு முடித்து முசிறிக்காரர் எழுந்தபோது, அவருடைய புது வேட்டியின் பின்பக்கம் நூல் நூலாகத் தொங்கியது. அவர் மனைவி ஒரு துண்டை எடுத்து நீட்டினார். கொடுத்துவிட்டு அந்த அம்மாவே, "உப்புத்தாள் மேல உக்காந்த மாதிரி இருக்குங்க" என்றார். நாங்கள் கரை இறங்குவதற்குள் படகுக்கு அதுவே பெயராகிவிட்டது.

"ஒருத்தர்கூட வழுக்கலை பாருங்க" என்றார் இவர், மெதுவாக.

"வழுக்கலை சார். அதைச் சொல்லியே ஆகணும்" என்றார் முசிறிக்காரர். நல்ல மனுஷர். "ஆனா நகரவும் முடியல. ஒண்ணு பண்ணலாம். கல்யாண மண்டபத்துல விரிப்பாங்களே, சிவப்புக் கார்பெட், அதை மேல விரிச்சிடுறேன்."

ஈரத்தில் கார்பெட் எப்படி நழுவும் என்று இவருக்குத் தெரியும். பொங்கி எழுவார் என்று எதிர்பார்த்தேன். "ஆடிப்பெருக்குக்குள்ள சரி பண்ணித் தரேங்க" என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, மேஸ்திரி அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் கேட்டார். குணசீலம் வரும் வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் அவருடைய வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துபோயிற்று.

மறுநாள் அவர் முசிறிக்குப் போகவில்லை. பால்கனியில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் வாயில் வம்புதான் வரும்.

"உங்க பட்டறையில இத்தனை வருஷம் மனுஷங்களைப் பார்த்தீங்களா, இல்ல பூட்ஸை மட்டும் பார்த்தீங்களா? பூட்ஸுக்குள்ள காலுன்னு ஒண்ணு இருக்குங்க, நம்ம ஊர்ல அதுதான் படகுல ஏறும்" என்றேன்.

பாலீஷ் பிரஷ்ஷை அப்படியே கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் பாதத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

அன்று மதியமே ஒட்டுப்பலகைத் துண்டுகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு விதமான பூச்சு. மணலே கிடையாது. ரப்பரையே பொடியாக்கிய குருணை. ஒன்றில் இட்லி ரவை அளவு, ஒன்றில் நொய்யரிசி அளவு, ஒன்றில் கோதுமை ரவை அளவு. காய்ந்ததும் சமையலறையிலிருந்து குளியலறை வரை வரிசையாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, என்னை நடக்கச் சொன்னார். நான் வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக நடத்தப்பட்டதில்லை.

"எப்படி இருக்கு?"

"சரியாச் சொல்லத் தெரியலைங்க. கால் அசந்து போச்சு. ஒரு காபி குடிச்சா தெரியும்."

காபி வந்தது. அடுத்த பலகைக்குப் பாத்திரம் தேய்க்கப்பட்டது. இன்னொன்றுக்கு, சீரக டப்பாவில் போல்ட்டு நட்டு போய்ச் சீரகம் வந்தது. பாதம் இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்று கண்டுகொண்டேன். ஆனால் ஆடி பிறந்துவிட்டது, காற்றும் ஆரம்பித்துவிட்டது. விளையாட்டைக் குறைத்துக்கொண்டேன்.

கீழ்வீட்டு மாமியும் ஒரு நாள் வந்தார். குளித்து மடியாக இருந்ததால் பலகையைக் கழுவச் சொல்லி, கழுவியதும் நாலு தடவை நடந்து பார்த்துவிட்டு, "தண்ணியில நடந்து என்னடிம்மா பிரயோஜனம்? ஆடிப்பெருக்குக்கு வரவாள்லாம் எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வருவா. தளிகைப் பாத்திரத்துலேர்ந்து எண்ணெய் சொட்டும். எண்ணெய்க் காலோட நடந்து பாரு" என்றார். இவர் மாமியைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பக்தி. வாசலில் தார் பூசப் போன மனுஷர்.

வெள்ளிக்கிழமை. தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, பழைய புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றேன். இவர் பலகை வரிசைக்குப் பக்கத்தில், நான் விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, கூடவே நகர்ந்து வந்தார். முதல் பலகை வழுக்கியது. அடுத்ததும் வழுக்கியது. நொய்யரிசிப் பலகையில் கால் வைத்தேன். சுகமாக இருந்தது. குத்தவில்லை, சறுக்கவில்லை, கால் நன்றாகப் பிடித்து நின்றது.

நின்றது. ஆனாலும் விழுந்தேன்.

அந்தக் கைகளை அப்படி நீட்டிக்கொண்டு ஒருவர் நின்றால் என்ன செய்வது? பிடித்துவிட்டார். அவருடைய வெள்ளைப் பனியன் முழுக்க நல்லெண்ணெய். அந்த நேரம் பார்த்து மாமி பலகையின் சங்கதியை விசாரிக்க வாசலில் வந்து நின்றார். "நான் அப்புறமா வரேன்டிம்மா" என்று வந்த வழியே இறங்கிப் போய்விட்டார்.

இவர் என்னை நிறுத்திவிட்டு, சோர்ந்து போய் அந்தப் பலகையை எடுத்துத் தள்ளி வைத்தார். "இதுவும் வழுக்குது."

"அது வழுக்கலைங்க."

"விழுந்தியே."

"நானாத்தான் விழுந்தேன்."

"எதுக்கு?"

"சும்மா."

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. "சோதனை நேரத்துல இப்படியெல்லாம் பண்ணக் கூடாதும்மா" என்று ரொம்பக் கண்டிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க இன்னொரு தடவை நடக்கச் சொன்னார். கையை நீட்டிக்கொண்டேதான் சொன்னார்.

கலர் விஷயத்தில்தான் சண்டை வந்தது. வெயிலில் சூடேறாமல் இருக்க வெளிர் கலர் வேண்டும். நான் சந்தனக் கலர் என்றேன். "படகுக்கா? சந்தனக் கலரா?" என்று பட்டறையில் யாருக்காவது கேட்டுவிடுமோ என்கிற மாதிரி தாழ்ந்த குரலில் கேட்டார். பிளவுஸுக்கு லைனிங் கொடுக்கிற அனுபவத்தில் சொல்கிறேன், எந்தக் கறையும் சாந்தமாகத் தெரியும் கலர் அதுதான் என்றேன். மறுநாள் சந்தனக் கலர் டப்பா வீட்டுக்கு வந்தது.

முசிறியில் பழைய பூச்சை எடுக்கப் போனால் அது வருவதாக இல்லை. அவ்வளவு நன்றாகப் பூசியிருந்தார். தன் வேலையைத் தானே திட்டிக்கொண்டு, அதே சமயம் கொஞ்சம் பெருமையோடும், மெஷின் வைத்து மணல் முனைகளை எல்லாம் தேய்த்துத் தட்டையாக்கினார். நானும் கூடப் போனேன். டேப் ஒட்டுவதில் என் கை நேராக வரும் என்று அவரே சொன்னார். அதன் மேல் சந்தனக் கலர் ரப்பர், நொய்யரிசிக் குருணை, மறுபடியும் ரப்பர். இந்தத் தடவை காய்ந்ததும் பூட்ஸைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு தளத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். போதும் வாங்க என்று நான் கூப்பிட வேண்டியிருந்தது.

அந்த ஆடிப்பெருக்குக்குத் தண்ணீர் அளவாக வந்தது. படகு விடலாம் என்று சொல்லிவிட்டார்கள். கரையெல்லாம் கூட்டம். புதுத் தாலிக் கயிறு மாற்றிய பெண்கள், சித்திரான்னத் தூக்குகள், காதோலை கருகமணி. படகு நிறைய ஆட்கள் ஏறினார்கள். ஈரக் கால், மஞ்சள் கால், எண்ணெய்க் கால் எல்லாம் ஏறியது. தளும்பிய சொம்போடு ஒரு பெண் அந்த முனை வரை வேகமாக நடந்து போனாள். அவள் கீழே பார்க்கவே இல்லை. உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் நடந்தார்கள், ஒருவருக்கும் தரை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

அதுதான் இவருக்குத் தாங்கவில்லை. இத்தனை பாடுபட்டும் ஒரு வார்த்தை கிடையாது. மெல்ல எழுந்தார். உட்கார்ந்திருந்த பெண்களின் பாதங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். ஒரு அம்மாவிடம் நின்று, "கால் எப்படிங்க இருக்கு? நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

அந்த அம்மா காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, "யாருங்க இது? வந்ததுலேருந்து எல்லார் காலையும் பார்த்துட்டு இருக்காரு" என்று படகுக்காரரைக் கூப்பிட்டார். முசிறிக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான்தான் ஓடினேன்.

"என் வீட்டுக்காரருங்க. இந்தத் தரையைப் போட்டவர். அதான் கேட்கிறாரு."

அந்த அம்மா அப்போதுதான் குனிந்து தரையைப் பார்த்தார். உள்ளங்கையால் தடவினார். "பரவாயில்லையே. போன வருஷம் இதுலதான் நான் தட்டோட விழுந்தேன்" என்றார்.

இவருக்கு வேறு பாராட்டு எதுவும் தேவைப்படவில்லை. பின்பக்கம் போய், இன்ஜினுக்குப் பக்கத்தில், முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொள்ளட்டும் என்று விட்டேன். பிறகுதான் அவர் காதில் போன் இருப்பதைப் பார்த்தேன். மேஸ்திரி. ஆடி முடியும் வரை பொறுக்காமல் கூப்பிட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

"இல்லண்ணே. வரலண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் காரணம் கேட்டிருப்பார்கள் போல. இன்னும் நாலு படகு வேலை வரப் போவதைச் சொல்லுவார் என்று நினைத்தேன். "வீட்டுல விடமாட்டேங்கிறாங்கண்ணே" என்றார்.

அது சுத்தப் பொய். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அவரைப் போகாதீர்கள் என்று சொன்னதில்லை. லீவு முடிந்து கிளம்பும் ஒவ்வொரு தடவையும் ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொடுத்து, போயிட்டு வாங்க என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஏர்போர்ட் வாசலில் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சொல்லியும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் சொல்லாமலே இருந்துவிட்டேன். அவர் இத்தனை காலம் அதற்காகக் காத்திருந்திருக்கிறார் என்று அந்தப் பொய்யைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"போனைக் குடுங்க" என்றேன். திருட்டு முழியோடு திரும்பினார். வாங்கிக் காதில் வைத்தேன்.

"ஆமாங்க. நான்தான் விடமாட்டேங்கிறேன்" என்றேன்.

இன்ஜின் சத்தத்தில் மேஸ்திரி என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. நான் திருப்பிக் கேட்கவும் இல்லை.